தாம்பாளம் தங்கையாவும் வெத்து வெளிச்சமும்

சென்ற மாதம் ஷர்மிளா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஜோகூர் பாரு அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த நிருபர் அவர். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பின் படம் அது. மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில் இருந்தது. படம் எடுப்பவர்கள் ‘ஒப்ட்ரூசிவ்’வாக இருக்கக் கூடாது என்றது ஆங்கிலம். ‘படக்காரர்கள் தடிமனாக இருக்கக் கூடாது’ என்றது தமிழ்.

கீழே அவருடைய கேள்வி: “அண்ணே, நம்ம படக்காரரு எண்பத்தெட்டு கிலோ. உள்ள விடுவாங்களா? இதுக்குச் சரியான தமிழ் என்ன?”

ஜோகூர் முழுக்கத் தேடினாலும் இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அந்தச் சொல்லை என்மீதே, எழுத்தில், கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தகுதியோடுதான் பேசுகிறேன்.

ஒரு தமிழ் நாளிதழில் நான் நிருபராகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் கையில் கேமராவைக் கொடுத்து, இனி படமும் நீங்கள்தான் என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது மூன்று: பிரமுகர்களின் பட்டங்களை வரிசை மாறாமல் எழுதுவது, மூடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பது, ஃபிலிம் சுருளை உறையில் போட்டு லார்க்கின் பஸ் நிலையத்தில் கோலாலம்பூர் பஸ் டிரைவரிடம் சிரித்துக்கொண்டே கொடுப்பது. மூன்றாவதுதான் கடினம்.

ஒரு சுருளில் முப்பத்தாறு படம். ஒரு சுருள் ஒரு வாரத்துக்கு வரவேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஆறு படத்துக்கு மேல் எடுத்தால் விளக்கம் கேட்பார்கள். ஆனால் நம் நிகழ்ச்சிகளில் படம் வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நான் முப்பது ஆண்டுகளில் சந்தித்ததில்லை. “தம்பி, எங்களயும் ஒண்ணு” என்று குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். முடியாது என்றால் பத்திரிகைக்கே கெட்ட பெயர்.

இதற்கு ஒரு வழி இருந்தது. கேமராவின் தலையில் பொருத்தும் ஃபிளாஷின் பின்புறம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அது வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக வைத்தது. அதை அழுத்தினால் ஃபிளாஷ் பளிச்சென்று அடிக்கும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், ஒரு காலை முன்னால் வைத்து, “ரெடி... சிரிங்க” என்று சொல்லி அந்தப் பொத்தானை அழுத்துவோம். நிற்பவர்களுக்குத் திருப்தி. சுருளுக்கும் சேதமில்லை. எங்களுக்குள் இதற்கு ‘வெத்து வெளிச்சம்’ என்று பெயர். என் குறிப்பேட்டில் வெ.வெ. என்று போடுவேன். கேமராவை வைத்திருந்தவர்களைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது. ஜோகூரில் எத்தனையோ குடும்பங்கள் மறுநாள் காலை பத்திரிகையைப் புரட்டி, இடம் போதவில்லை போலிருக்கிறது என்று எங்களை மன்னித்திருக்கின்றன.

எங்கள் அலுவலகம் ஜோகூர் பாருவில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தலைவர் மிஸ் செலின். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், என்ன காரணத்தாலோ தமிழுக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. காயா என்கிற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டியை ஸ்கேலை வைத்து வெட்டியதுபோல நான்கு சதுரங்களாக்கி, ஒரு சதுரத்துக்கு ஒரு செய்தி என்று திருத்துவார். பச்சை மை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவர் மூச்சுவிடாமல் நிற்பது வழக்கம்.

எதற்கும் நேரம் கேட்பார். “கூட்டம் தொடங்கியது”ன்னு எழுதியிருக்கீங்க. எத்தன மணிக்கு? “அமைச்சர் தாமதமாக வந்தார்.” எத்தன நிமிஷம்? அவர் கேட்டுக் கேட்டு எனக்கும் பழக்கமாகிவிட்டது. எங்கே போனாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்து, கண்ணில் பட்டதைக் குறித்துவிடுவேன். இந்தப் பழக்கம் பின்னால் முக்கியமாகும்.

ஒருநாள் கே.எல். என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வந்தது. மிஸ் செலின் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மணியம், ஜோகூரிலேருந்து வர்ற ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஒப்ட்ரூசிவ் ஆசாமி இருக்காராம். காரு ஹெட்லைட் மாதிரி ரெண்டு வட்டம் தெரியுதாம். யாரு அவருன்னு கேக்குறாங்க.”

“ஒப்ட்ரூசிவ்னா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எடுப்பா தெரியிறவரு.”

அவர் ரொட்டித் தட்டை ஒதுக்கிவைத்தார். “எடுப்பா தெரியலாம், தப்பில்ல. கல்யாணத்துல பொண்ணு எடுப்பாத்தான் தெரியணும். கோயில் திருவிழாவுல லவுட்ஸ்பீக்கர் சத்தமா கேட்டா அது திருவிழா. அதே லவுட்ஸ்பீக்கர எஸ்.பி.எம். பரீட்சை நடக்குற ஸ்கூல் பக்கத்துல வெச்சா ஒப்ட்ரூசிவ். தெரியிறது குத்தமில்ல. யாரும் கேக்காத இடத்துல தெரியிறதுதான் குத்தம்.”

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அலுவலக டிரைவர், “முந்திரிக்கொட்டைன்னு சொல்லுங்க மிஸ்” என்றார்.

“அது முந்திக்கிட்டுப் பேசுற ஆளச் சொல்றது. இது வாயே திறக்க வேணாம். சும்மா நின்னா போதும்.” பச்சைப் பேனாவை எடுத்து ஒரு தாளில் ‘துருத்திக்கொண்டு நிற்கிற’ என்று எழுதி, சற்று நேரம் பார்த்து, “இது கிட்ட வருது” என்றார். “சரி, யாரு அந்த ஹெட்லைட்?”

எனக்குத் தெரியும். ஜோகூரில் கேமரா பிடித்த எல்லோருக்கும் தெரியும். தாம்பாளம் தங்கையா.

தங்கையா மூவாரில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் மரத்துக்கு மெருகு போடுகிறவர். வாரக் கடைசியில் மூவார், பத்து பாகாட் வட்டாரத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் ஆரஞ்சு நிறப் பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அழைப்பு தேவையில்லை. பொன்னாடையும் மாலையும் வைத்த தாம்பாளத்தை யாராவது ஒருவர் பிடித்தாகவேண்டும் அல்லவா? அதை இவர் பிடித்துக்கொள்வார். தாம்பாளம் பிரமுகரின் பக்கத்தில்தான் நிற்கும். அதனால் இவரும் நிற்பார். கனத்த கண்ணாடி வேறு. ஃபிளாஷ் பட்டால் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள். பிரமுகர் முகம் மங்கலாக விழுந்த படத்தில்கூட அந்த வட்டங்கள் தெளிவாக விழும். படக் குறிப்பில் அவர் எப்போதும் ‘மற்றும் பலர்’.

“இனி அவர் வரக்கூடாது” என்றார் மிஸ் செலின். “அவரப் புண்படுத்தவும் கூடாது. எப்படின்னு நீங்களே பார்த்துக்குங்க.”

இப்படித் தொடங்கியது என் வாழ்க்கையின் மிக நுட்பமான பணி. ஒரு தூண் கிடைத்தால் அவரைத் தூணுக்குப் பின்னால் போட நான் இடப்பக்கம் ஓரடி நகர்வேன். அவரும் ஓரடி நகர்வார். பிரமுகரைத் திருப்பி நிறுத்துவேன். தாம்பாளமும் திரும்பும். பல தோல்விகளுக்குப் பிறகு ஒன்று கண்டுபிடித்தேன்: தங்கையாவுக்கு வேண்டியது ஒரு பளிச். அது கிடைத்துவிட்டால் தோள் தளர்ந்து, தாம்பாளத்தை இறக்கி, அரை நிமிடம் ஓய்வெடுப்பார். அந்த அரை நிமிடம்தான் என் படம். அவருக்கு முதலில் ஒரு வெத்து வெளிச்சம், பிறகு அவர் இல்லாமல் நிஜப் படம். அதற்கு அவர் எந்த நொடி எங்கே நிற்கிறார், தாம்பாளம் எந்தக் கையில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். குறிப்பேட்டில் அவருக்கு ‘தா.’ என்று தனியாக ஒரு பத்தி போட்டேன்.

இனி அந்த மண்டபத் திறப்பு விழா.

பத்து பாகாட்டுக்கு வெளியே ஒரு கோயில். பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டிப் புதிதாக மண்டபம் கட்டியிருந்தார்கள். டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் வந்து திறப்பதாக ஏற்பாடு. கல்வெட்டும் செதுக்கித் தங்க நிற வண்ணம் தீட்டித் தயாராக இருந்தது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த டத்தோ அதைவிடப் பெரிய பட்டம் கிடைத்து, டத்தோ ஸ்ரீ ஆகிவிட்டார். கல் பழைய பட்டத்தோடு இருந்தால் அந்த விழாவே நடக்காமல் போகலாம். அவசரமாக அந்த ஒரு வரியை மட்டும் பட்டி வைத்து அடைத்து, மேலே புதுப்பெயரை எழுதினார்கள்.

அந்த மண்டபத்தின் கதவுகளுக்கும் மேடைப் பலகைக்கும் மெருகு போட்டவர் தங்கையா. மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிறும், சும்மாவே செய்தார். கல்வெட்டில் கடைசி வரியில் தன் பெயரும் வருமா என்று கேட்டிருக்கிறார். கோயில் தலைவர் ராஜகோபால், “கல்லுல இடம் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லை நான் பார்த்தேன். இடம் இருந்தது. தங்கையா கோப்பிக் கடையில் உட்கார்ந்து, “எம்பேரு இல்லாத கல்லு எதுக்கு லா?” என்று நான்கு பேர் கேட்கச் சொன்னார்.

விழா அன்று நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். வழக்கமான வேலை: முன்வரிசை நாற்காலிகளை எண்ணுவது, ஒட்டியிருக்கும் பெயர்களைப் படிப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது, தங்கையா எங்கே என்று பார்ப்பது. டத்தோ ஸ்ரீ நாற்பது நிமிடம் தாமதம். ரிப்பன் வெட்டினார். கல்வெட்டின் முன் வந்து, சிவப்பு வெல்வெட் திரையின் கயிற்றை இழுத்தார்.

மற்ற எல்லா வரிகளும் பளபளவென்று இருந்தன. அவருடைய வரியில் மட்டும் ஒரு பழுப்புத் தீற்றல். அதன் முடிவில் ஒரே ஒரு சொல் பிழைத்திருந்தது: ‘அவர்கள்’.

டத்தோ ஸ்ரீ கல்லைப் பார்த்தார். மண்டபமே கல்லைப் பார்த்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் பார்க்கவில்லை. திரை விலகினால் கெட்டிமேளம் வாசிக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வாசித்தார்.

கல்லின் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தவர்கள் தின்னர் வாடை அடிக்கிறது என்றார்கள். வண்ணத்தைக் கரைக்கும் அந்தத் தின்னரைத் தினமும் கையில் புழங்குகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் ஆரஞ்சுச் சட்டையில் இருந்தார்.

மூன்று நாள் கழித்துத் தங்கையா எங்கள் மாடிக்கு வந்தார். மூவாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அன்று பாத்தேக் இல்லை, வெள்ளைச் சட்டை. அவரை அடையாளம் கண்டுகொள்ள எனக்கே ஒரு நொடி ஆயிற்று.

“ரிப்போர்ட்டர் தம்பி, ஒரு படம் வேணும்.”

விஷயம் இதுதான். கல்லை அழித்தது தங்கையாதான் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவருடைய மகள் மாலதிக்கு அதே மண்டபத்தில் மூன்று வாரத்தில் கல்யாணம். புது மண்டபத்தில் முதல் கல்யாணம் என்று அழைப்பிதழ் அடித்து, மாப்பிள்ளை வீட்டார் குளுவாங் வரைக்கும் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்தைக் கொடுக்கமாட்டோம், போலீஸ் ரிப்போர்ட்டும் செய்வோம் என்று ராஜகோபால் சொல்லியிருக்கிறார்.

“பத்து மணிக்குக் கல்லு நல்லா இருந்திச்சாம், தலைவரே பார்த்தாராம். அதுக்கப்புறம் காரு வர்ற வரைக்கும் நான் வாசல்லதான் நின்னேன் தம்பி. காலு கடுத்திச்சு. யாரக் கேட்டாலும், பார்த்த மாதிரி இருக்கு, பார்க்காத மாதிரியும் இருக்குங்கறாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் என்னா விஷயம்னு போன் போட்டுக் கேட்டுட்டாங்க.”

அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. துருத்திக்கொண்டு நிற்கிறவரை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அவரைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள்.

அவர் டின்னைத் திறந்தார். உள்ளே அத்தனையும் எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை வட்டங்கள். சமீபத்திய சில மாதங்களில் மட்டும் ஒன்றும் இல்லை. அதைப்பற்றி அவர் கேட்கவில்லை.

“அன்னிக்கு வாசல்ல என்னை மூணு தடவ எடுத்தீங்க. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். மூணும் வேணாம். ஒண்ணு குடுத்தா போதும்.”

“பார்க்கிறேன் அண்ணே” என்றேன்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று எடுத்த ஆறு படமும் எனக்கு மனப்பாடம். அவருடைய சட்டை ஓரம், விரல் நுனி, தாம்பாளத்தின் விளிம்பு, எதுவும் எதிலும் இல்லை. மாதக்கணக்கான உழைப்பின் முழு வெற்றி அது. அன்று மாலை சுருளைப் பஸ்ஸில் அனுப்பும்போது எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு மிஸ் செலினிடம் நடந்ததைச் சொன்னேன். குறிப்பேட்டையும் காட்டினேன். ‘தா.’ பத்தியை வரிவரியாகப் படித்தார்.

“இதுல இருக்கிறது எல்லாம் நிஜமா?”

“நிஜம்தான் மிஸ். ஆனா இதப் படிச்சா வெத்து வெளிச்சமும் வெளிய வந்திடும். அப்புறம் எந்த நிகழ்ச்சிக்கு நான் கேமராவோட போறது?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் மூச்சுவிடாமல் நின்றேன். மாட்டிக்கொண்டு சொன்னார்: “அவரு படத்துல வரக்கூடாதுன்னு சொன்னது நான். அவரு அங்க இருந்தாருன்னு தெரிஞ்சது உங்களுக்கு மட்டும். ஞாயித்துக்கிழம உங்களுக்கு வேற வேலை போடல.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ராஜகோபால் நடுவில். அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு பக்கம் தேநீரும் கறிபாப்பும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். தங்கையா எதிரில் தனி நாற்காலியில் இருந்தார். கையில் தாம்பாளம் இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கல்லின் மேல் திரையை மறுபடி மூடியிருந்தார்கள்.

நான் எழுந்து, தங்கையா பத்து மணியிலிருந்து கார் வரும்வரை வாசல் பக்கமே இருந்தார், பிறகு டத்தோ ஸ்ரீயை விட்டு நகரவில்லை, நான் பார்த்தேன் என்றேன்.

“படம் இருக்கா?” என்றார் ராஜகோபால்.

“படம் இல்ல. குறிப்பு இருக்கு.” படித்தேன்.

“9.40. தா. வந்தார். ஆரஞ்சுச் சட்டை. கண்ணாடி துடைத்திருக்கிறார்.

9.55. தா. வாசல், இடப்புறத் தூண். தாம்பாளம் வலக்கை.

10.05. தா. அதே தூண். வெ.வெ. ஒன்று.

10.15. தா. அதே தூண். மாலையில் பூ உதிர்கிறது. பொறுக்கி மறுபடி செருகுகிறார்.

10.25. தா. தாம்பாளம் இடக்கைக்கு மாறிவிட்டது. கவனம். வெ.வெ. இரண்டு.

10.40. கார். தா. என்னை முந்திக் கதவருகில். வெ.வெ. மூன்று.

10.50. திரை. தா. டத்தோ ஸ்ரீக்குப் பின்னால். குனிந்து தப்பித்தேன்.”

யாரோ கறிபாப் மெல்லும் சத்தம் மட்டும்.

“நூறு பேரு நடுவுல இந்த ஒருத்தர மட்டும் எதுக்குத் தம்பி இப்படிப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?” என்றார் ராஜகோபால். “உங்க சொந்தக்காரரா? சொல்லிக்குடுத்து எழுதினதா? வெ.வெ.ன்னா என்னா?”

‘வெளிப்புற வெளிச்சம்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. தங்கையாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நிமிடம் ஒரு நிருபர் தன்னைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்ற பெருமை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“வெத்து வெளிச்சம். ஃபிளாஷ் மட்டும் அடிப்போம். படம் விழாது. தங்கையாண்ணன் கண்ணாடி ஹெட்லைட் மாதிரி தெரியுதுன்னு கே.எல். ஆபீசுல சொன்னாங்க. அவரு படத்துல வராம பார்த்துக்கிறது என் வேலை. ஒருத்தர் படத்துல வரக்கூடாதுன்னா அவரு மேலேருந்து கண்ண எடுக்கவே கூடாது. அதனால எடுக்கல.”

தங்கையாவின் கைகள் மடியில் நின்றுவிட்டன.

இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா மெதுவாக எழுந்தார். “தம்பி, போன தைப்பூசத்துல எங்க குடும்பத்த ரெண்டு தடவ எடுத்தீங்களே?”

“அது வந்து...”

“என் பேரன் காதுகுத்து?” என்றார் இன்னொருவர்.

“அலமாக்!” என்றார் செயலாளர். “நான் பி.ஜே.கே. பட்டம் வாங்கினப்போ எடுத்தது?”

அடுத்த ஐந்து நிமிடம் கல்வெட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் குறிப்பேட்டைப் பிடுங்கிப் பார்க்க இருவர் கை நீட்டினார்கள். தலைவர் மேசையைத் தட்டினார். “எங்க பேமிலி படம் என்னா ஆச்சுன்னு நானும் அப்புறம் கேப்பேன். முதல்ல இதச் சொல்லுங்க. இவரு தின்னர் போட்டு அழிக்கலன்னா, வேற யாரு? எங்க கோயில்ல தின்னரு ஏது?”

“பெயின்டர் வாளியில இருந்திச்சே” என்றார் சரோஜா அக்கா, தேநீர்த் தட்டோடு.

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஏங்க, அன்னிக்கு ஒரு துணியக் குடுத்து அலசி வையின்னு சொன்னீங்கல்ல? பெயின்டர் வாளியிலதானே கெடந்திச்சு. கையெல்லாம் எரிச்சலு. தண்ணி பூரா தங்கக் கலரா போச்சு. நான்கூட நினைச்சேன், என்னா இது, எதையாச்சும் தொடைச்சாரான்னு.”

ராஜகோபாலின் முகத்தைச் செய்தியாளனாகச் சொல்கிறேன்: முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காதுகள் சிவந்தன.

நடந்தது எளிமையானது. பத்து மணிக்குக் கல்லைப் பார்த்தார். பளபளவென்றுதான் இருந்தது. பத்தரைக்கு மேல் மறுபடி வந்தார், டத்தோ ஸ்ரீ வரும் வழியில் இருக்கிறார் என்று போன் வந்ததும். பெயரில் தூசி படியக் கூடாதே என்று, பெயின்டர் வாளியில் தின்னரில் நனைந்து கிடந்த துணியைத் தண்ணீர்த் துணி என்று நினைத்து எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும், மரியாதையாக, அழுத்தித் துடைத்தார். கடைசிச் சொல்லுக்கு வருமுன் வெளியே “காரு வந்துடுச்சு” என்று சத்தம் கேட்டது. கல்லைப் பார்க்காமலே திரையை இழுத்துவிட்டு ஓடினார். மற்ற வரிகள் பல வாரம் காய்ந்தவை. புதுப்பட்டம் மூன்று நாள்தான் காய்ந்திருந்தது.

மண்டபம் தங்கையாவுக்கு உண்டு என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. என்னைப்பற்றியும் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

தங்கையா எனக்குப் பின்னால் வந்தார். வாசல் தூணருகில், அதே இடப்புறத் தூண், நின்றார்.

“மூணும் வெத்தா?”

“மூணும் அண்ணே.”

“இத்தன மாசமா?”

“ஆமா.”

சாலையில் போன லாரிகளைப் பார்த்துக்கொண்டே, “பூ உதிர்ந்தத எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அது மன்னிப்பா புகாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அலுவலகக் கேமராவை விட்டுவிட்டு, என் சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு, நானே வாங்கிய சுருளைப் போட்டுக்கொண்டு போனேன். தாலி கட்டியதை எடுத்தேன். மாலதி அழுததை எடுத்தேன். குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையில் நின்றபோது, பெண்ணின் அப்பாவாக நடுவில் நிற்க முழு உரிமையுள்ள தங்கையா, நான் கேமராவைத் தூக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஃபிலிம் இருக்கா தம்பி?”

மண்டபம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டுகிறேன் பாருங்கள் என்று கேமராவின் பின்கதவில் விரலை வைத்தேன்.

“அடடே, தொறக்காதீங்க!” ஒரே தாவலில் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெளிச்சம் பட்டா தாலி கட்டினதெல்லாம் போயிடும் லா. நம்புறேன், எடுங்க.”

மேடைக்குத் திரும்பினார். நிற்குமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். “ஹெட்லைட் ஆஃப். கே.எல். காரங்ககிட்ட சொல்லிடுங்க.”

படம் நன்றாக வந்தது. சின்ன, கொஞ்சம் வெட்கப்படுகிற கண்கள். அதற்குமுன் அவற்றை நான் பார்த்ததேயில்லை. அந்தப் படம் எங்கள் பத்திரிகையில் வெளியானது. குறிப்பில் அவர் பெயரும் இருந்தது. இடமிருந்து மூன்றாவது.

அதன் பிறகு ஜோகூரில் நான் கேமராவைத் தூக்கிய இடமெல்லாம் அந்தக் கேள்விதான். “ஃபிலிம் இருக்கா அண்ணே?” குளுவாங்கில் கேட்டார்கள், மூவாரில் கேட்டார்கள், ஒரு சவ ஊர்வலத்தில்கூடக் கேட்டார்கள். டிஜிட்டல் கேமரா வந்து, ஃபிலிமே இல்லாத காலத்திலும் கேட்டார்கள். என் ஓய்வு விருந்தில் கேட்டவர் ராஜகோபால். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் குடும்பப் படம் வெத்துதான்.

இனி ஷர்மிளாவின் கேள்வி. சரியான தமிழ் எது என்று கேட்டால், நான் மிஸ் செலினின் ‘துருத்திக்கொண்டு நிற்கிற’ பக்கம்தான். ஆனால் எங்கே பயன்படுத்துவது என்பதற்கு என்னிடம் எழுத்துப்பூர்வமான எடுத்துக்காட்டே இருக்கிறது. மாலதியின் கல்யாணம் முடிந்த மறுவாரம் கோயில் நிர்வாகக் குழுவிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சு செய்து, தலைவரின் கையெழுத்தோடும் கோயில் முத்திரையோடும். சாட்சி சொல்ல யாரும் அழைக்காத கூட்டத்துக்கு உங்கள் நிருபர் தானாக வந்து, பல குடும்பங்களின் மன அமைதியைக் கெடுத்து, ‘மிகவும் ஒப்ட்ரூசிவ்’வாக நடந்துகொண்டார் என்று அதில் இருந்தது.

மிஸ் செலின் அதை மேசைமேல் வைத்து, ஒரு ரொட்டிச் சதுரம் தீரும்வரை படித்தார். பச்சைப் பேனாவை எடுத்து அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். ஓரத்தில் இரண்டு வரி எழுதி, படித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல என் பக்கம் திருப்பிவைத்தார்.

‘பொருள் சரி, பயன்பாடும் சரி. கோப்பில் வைக்கவும்.’